பெட்டிக்குள் கடற்படைப் பதக்கங்கள்: சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தளபதிகளின் வாழ்க்கை புத்தகங்களில் இருக்கிறது. கொதிகலன் அறையில் வெந்தவர், நள்ளிரவில் மேல்தளத்தில் காவல் நின்றவர், மோர்ஸ் ஒலியைக் கேட்டுக் கேட்டுத் தாளில் எழுதியவர் ஆகியோரின் வாழ்க்கை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கிவிடுகிறது: நாலைந்து பதக்கங்கள், மடித்த இடமெல்லாம் கிழிந்த ஒரு சான்றிதழ், ஒரு புகைப்படம். வீடு மாறும்போதோ, பெரியவர் ஒருவர் மறைந்த பிறகோ அந்தப் பெட்டி வெளியே வரும். கேள்விகளும் அப்போதுதான் வரும். அதிகாரிகளாக இல்லாத சாதாரண மாலுமிகளின் பணிக்காலத்தையும் பதக்கங்களையும் பற்றி அதிகம் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தாத்தாவுக்கு நான்கு பதக்கங்கள் இருக்கின்றன. அவர் பெரிய வீரச்செயல் ஏதாவது செய்தாரா?

செய்திருக்கலாம்; ஆனால் அந்தப் பதக்கங்கள் அதைச் சொல்வதில்லை. ஒரு சாதாரண மாலுமியிடம் இருக்கும் பதக்கங்கள் பெரும்பாலும் போர்ச்சேவைப் பதக்கங்கள். இன்ன காலத்தில், இன்ன கடற்பகுதியில், இத்தனை நாள் பணியாற்றினார் என்பதற்கு அவை சான்று. அதே கப்பலில் அதே காலத்தில் இருந்த சமையற்காரருக்கும் பீரங்கி இயக்கியவருக்கும் ஒரே பதக்கம்தான்.

இதைக் கேட்டவுடன் சிலர் முகம் வாடிவிடுகிறது. வாட வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து. நீர்மூழ்கிகள் உலவிய கடலில் ஆறு மாதம் கப்பலில் இருந்தார் என்பது சிறிய செய்தி அன்று. அதோடு, காலத்தையும் இடத்தையும் சொல்லும் பதக்கம்தான் குடும்ப வரலாறு எழுதுகிறவருக்குக் கூடுதலாக உதவும். பதக்கங்களை வரிசையாக அடுக்கினால் அவருடைய பயணத்தின் வரைபடம் ஏறத்தாழ கிடைத்துவிடும்.

வீரத்துக்கான பதக்கம் என்றால் வேறு அடையாளங்கள் இருக்கும். பிரிட்டிஷ் கடற்படையில் அதிகாரிகள் அல்லாதவர்களுக்கென 1914-இல் ஏற்படுத்தப்பட்ட சிறப்புச் சேவைப் பதக்கம் வட்ட வடிவ வெள்ளிப் பதக்கம். விளிம்பில் பெயர் பொறித்திருக்கும். இன்னொன்று, எளிதில் கண்ணில் படாமல் போய்விடும்: இரண்டாம் உலகப் போர்ப் பதக்கத்தின் ரிப்பன்மீது ஒரு சிறிய வெண்கல ஓக் இலை குத்தப்பட்டிருந்தால், தளபதியின் அறிக்கையில் அவர் பெயர் பாராட்டாகக் குறிப்பிடப்பட்டது என்று பொருள். பழைய ரிப்பனைக் கழற்றிவிட்டுப் புதியது போடும்போது அந்த இலையைத் தொலைத்துவிடாதீர்கள்.

எது என்ன பதக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டாம் உலகப் போர்க்காலத்தவை என்றால் முதலில் வடிவத்தைப் பாருங்கள். ஆறு முனை நட்சத்திரங்கள் மஞ்சள் நிற உலோகத்தில் இருக்கும். நடுவில் மன்னரின் முடியும் எழுத்துச் சுருக்கமும், அவற்றைச் சுற்றி நட்சத்திரத்தின் பெயரும் இருக்கும். எல்லா நட்சத்திரங்களும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். பெயரைப் படிக்க வேண்டும். ரிப்பன் அதை உறுதிப்படுத்தும்.

1939–45 ஸ்டாரின் ரிப்பனில் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என மூன்று பட்டைகள்: கடற்படை, தரைப்படை, விமானப்படை. கடற்படையினர் போர்ப் பகுதியில் கப்பலில் ஆறு மாதம் பணியாற்றினால் இது கிடைத்தது. மற்ற நட்சத்திரங்கள் சிலவற்றுக்கு இதுவே வாசற்படி. அட்லாண்டிக் ஸ்டாரும் பர்மா ஸ்டாரும் கடற்படையினருக்குப் பொதுவாக இந்த ஆறு மாதம் முடிந்த பிறகே கிடைக்கும். பர்மா ஸ்டாருக்கான காலம் 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை. மாலுமிக்கு அது வங்காள விரிகுடாவைக் குறிக்கிறது. பசிபிக் ஸ்டார் 1941 டிசம்பர் 8-இல் தொடங்குகிறது. ஒருவருக்கு பர்மா ஸ்டார், பசிபிக் ஸ்டார் இரண்டுக்கும் தகுதி இருந்தாலும் ஒன்றுதான் கொடுத்தார்கள்; மற்றதன் பெயரை ஒரு சிறு உலோகப் பட்டையில் பொறித்து ரிப்பன்மீது தைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆகவே அந்தச் சிறு பட்டையும் ஒரு நட்சத்திரத்துக்குச் சமம்.

வட்டப் பதக்கங்களில் மிகப் பரவலானது 1939–45 போர்ப் பதக்கம். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் வீழ்ந்து கிடக்கும் இரட்டைத்தலை டிராகன்மேல் நிற்கும் சிங்கம். 28 நாள் முழுநேரச் சேவை போதும் என்பதால் ஏறக்குறைய எல்லோருக்கும் இது உண்டு. பின்புறம் இந்தியாவின் நிலப்படம் புடைப்பாக இருந்தால் அது இந்தியச் சேவைப் பதக்கம். இந்தியப் படைகளில், போர்முனைக்கு வெளியே மூன்றாண்டு பணியாற்றியவர்களுக்கு வழங்கப்பட்டது.

ஒரு வரிசையை எப்படிப் படிப்பது? எடுத்துக்காட்டு கிடைக்குமா?

1939–45 ஸ்டார், பர்மா ஸ்டார், போர்ப் பதக்கம், இந்தியச் சேவைப் பதக்கம் ஆகிய நான்கும் ஒரே கம்பியில் கோத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இந்தியச் சேவைப் பதக்கம் இருப்பதால் அவர் ராயல் இந்தியக் கடற்படையில் இருந்தார் என்பது வலுவான ஊகம். மூன்றாண்டு தேவை என்பதால், பிந்திப்போனால் 1942 செப்டம்பர் தொடக்கத்துக்குள் சேர்ந்திருக்க வேண்டும். 1939–45 ஸ்டார் அவர் கரையோடு நின்றுவிடவில்லை, கப்பலேறினார் என்கிறது. பர்மா ஸ்டார் அந்தக் கப்பல் வங்காள விரிகுடாவில் இருந்ததைச் சொல்கிறது.

இதற்கு மேல் பதக்கம் சொல்லாது. ஆனால் எங்கே தேடலாம் என்று இப்போது தெரிந்துவிட்டது. 1945 ஜனவரியில் பர்மாவின் அரக்கான் கரையில் அக்யாப், மியெபோன், ராம்ரீ ஆகிய இடங்களில் படைகள் இறக்கப்பட்டபோது நர்மதா, ஜம்னா போன்ற இந்தியக் கடற்படைக் கப்பல்கள் பீரங்கி ஆதரவு கொடுத்தன. தாத்தா 'அரக்கான்' என்று எப்போதாவது சொன்னது யாருக்காவது நினைவிருக்கிறதா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அத்தைமார்களுக்குத்தான் இப்படிப்பட்ட பெயர்கள் நினைவில் இருக்கும்.

இந்தியக் கடற்படை மாலுமி போர்க்காலத்தில் சிங்கப்பூருக்கு வந்திருக்க முடியுமா? பாட்டி அப்படித்தான் சொல்கிறார்.

முடியும். 1942 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் படைகளை ஏற்றிவந்த கப்பல் அணிகளுக்கு இந்தியக் கடற்படைக் கப்பல்களும் துணை வந்தன. பிப்ரவரி 5 அன்று எம்ப்ரஸ் ஆஃப் ஏஷியா என்ற பெரிய பயணிகள் கப்பல், சுல்தான் ஷோல் கலங்கரைவிளக்கத்துக்கு அருகே ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் தீப்பிடித்தது. ஆஸ்திரேலியக் கப்பல் யாராவுடன் இந்தியக் கப்பல் சட்லெஜும் ஆட்களை மீட்டது. பத்து நாளில் சிங்கப்பூர் வீழ்ந்தது. பாட்டி சொல்வதில் கப்பலின் பெயர் இருந்தால் உடனே எழுதி வையுங்கள். ஆவணத்தோடு ஒப்பிட அதுவே சாவி.

பதக்கத்தில் பெயரே இல்லை. அவருடையதுதான் என்று எப்படி நம்புவது?

பிரிட்டன் இரண்டாம் உலகப் போர் நட்சத்திரங்களையும் போர்ப் பதக்கத்தையும் பெயர் பொறிக்காமல்தான் வழங்கியது. பெயரில்லை என்பதால் போலி என்று பொருளல்ல. அவை வந்த சிறு அட்டைப்பெட்டி முகவரியோடு இருந்தால் அது பதக்கத்துக்கு நிகரான சான்று, குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

பெயர் எங்கே இருக்கும் என்றால், பிரிட்டிஷ் கடற்படைப் பொதுச் சேவைப் பதக்கம், 1962-ஆம் ஆண்டுப் பொதுச் சேவைப் பதக்கம், நீண்டகாலச் சேவை நன்னடத்தைப் பதக்கம், சுதந்திர இந்தியா வழங்கிய பதக்கங்கள் ஆகியவற்றின் விளிம்பில். பதக்கத்தை நிறுத்திப் பிடித்து, விளக்கைப் பக்கவாட்டில் வைத்து விளிம்பைப் பாருங்கள். முதலில் வருவது அவருடைய பணி எண். பெயரைவிட அந்த எண் முக்கியம்.

எண் ஏன் அவ்வளவு முக்கியம்?

நம் பெயர்கள் அந்தக் காலத்துப் பதிவேடுகளில் பட்ட பாடு அப்படி. ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். முத்துசாமி என்ற ஒரே பெயரை நான்கைந்து விதமாக எழுதலாம், எழுதியிருக்கிறார்கள். தந்தை பெயர் சில ஆவணங்களில் முதலெழுத்தாகவும், சிலவற்றில் குடும்பப் பெயராகவும், சிலவற்றில் மாலுமியின் சொந்தப் பெயராகவுமே மாறிக் கிடக்கும். ஊர்ப் பெயரோ சாதிப் பட்டமோ ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிறந்த தேதி பெரும்பாலும் தோராயம். வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்த பையன்களும் உண்டு.

ஆகவே தேடும்போது ஒரே எழுத்துக்கோவையோடு நிற்காதீர்கள். தந்தை பெயர், சொந்த ஊர், தாலுகா, மாவட்டம், சேர்ந்த ஆண்டு, கப்பலின் பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். சிங்கப்பூர் அடையாள அட்டையில் உள்ள பெயரும் கடற்படைப் பெயரும் வேறுபட்டால், இரண்டும் ஒருவரே என்று காட்ட ஏதேனும் ஒரு பழைய தாள் வேண்டும்: திருமணப் பதிவு, கடவுச்சீட்டு, ஓய்வூதியக் கடிதம். எண் கிடைத்துவிட்டால் இந்தச் சிக்கலில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் முப்பது ஆண்டு வேலை செய்தார். அவர் கடற்படை வீரர்தானே?

தளத்தில் வேலை செய்த எல்லோரும் மாலுமிகள் அல்லர். செம்பவாங்கின் ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை 1938 பிப்ரவரி 14-இல் திறக்கப்பட்டது. அங்கே கொல்லர், தச்சர், மின்பணியாளர், பண்டகசாலை எழுத்தர், கூலித் தொழிலாளர் என்று ஏராளமான தமிழர்களும் மலையாளிகளும் சீனர்களும் மலாய்க்காரர்களும் குடிமக்கள் ஊழியர்களாக வேலை செய்தார்கள். பிரிட்டிஷ் கடற்படையின் சம்பளம், ஆனால் சீருடையும் பணி எண்ணும் கொண்ட மாலுமி அல்ல. அவர்களுக்குப் போர் நட்சத்திரங்களைத் தேடினால் கிடைக்காது.

அவர்களுக்கென ஒரு பதக்கம் இருந்தது. நீண்ட காலம், பொதுவாக 25 ஆண்டு, பணியாற்றி ஓய்வுபெறும் கீழ்நிலை அரசு ஊழியர்களுக்கு பிரிட்டன் வழங்கிய இம்பீரியல் சர்வீஸ் மெடல். வட்ட வெள்ளிப் பதக்கம். பின்புறம் வேலையை முடித்துவிட்டு இளைப்பாறும் ஒரு மனித உருவமும் 'விசுவாசமான சேவைக்காக' என்ற பொருள்தரும் ஆங்கில வாசகமும் இருக்கும். விளிம்பில் பெயர் இருக்கும். பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டில் பட்டியல் வெளிவரும். ஈசூன், செம்பவாங் பக்கத்துப் பழைய குடும்பங்களில் கடற்படைப் பதக்கம் என்று சொல்லிக் காட்டப்படுவது சில வேளை இதுதான். ஆழ்ந்த மரியாதைக்குரிய பதக்கம் இது. அந்தக் கைகள் பழுதுபார்க்காமல் எந்தப் போர்க்கப்பலும் மறுபடி கடலுக்குப் போயிருக்காது.

சேவைச் சான்றிதழ் என்று ஒரு தாள் இருக்கிறது. அதில் என்ன பார்க்க வேண்டும்?

இருக்கிறது என்றால் பாக்கியம். பதக்கங்களைவிட அதுதான் பெரிய சொத்து. பிரிட்டிஷ் முறையில் மாலுமி பணியிலிருந்து விலகும்போது கையில் கொடுக்கப்படும் கெட்டித் தாள் அது. பிறந்த ஊர், உயரம், மார்பளவு, கண்ணின் நிறம், உடம்பில் உள்ள தழும்பு வரை இருக்கும். தாத்தாவின் புகைப்படமே இல்லாத வீட்டில் இந்த நான்கு வரிகள் என்ன மதிப்புப் பெறும் என்று எண்ணிப் பாருங்கள்.

பிறகு கப்பல்களின் பட்டியல். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் கடற்படையில் கரையில் உள்ள முகாம்களுக்கும் கப்பலைப் போலவே பெயர் வைப்பார்கள். 'டெரர்' என்று இருந்தால் அது போருக்குப் பின் செம்பவாங்கில் இருந்த மாலுமிகள் குடியிருப்பு முகாம். 'சிம்பாங்' செம்பவாங் விமானத்தளம். 'சுல்தான்' போர்க்காலத்தில் சிங்கப்பூர்த் தளத்தின் பெயர். 'பெலாண்டோக்' மலாய் மாலுமிகளுக்கான பயிற்சி முகாம். இந்தியக் கடற்படையில் 'அடையாறு' சென்னை முகாம். 'தல்வார்' பம்பாய்த் தகவல்தொடர்புப் பயிற்சிப் பள்ளி. 1946 பிப்ரவரி 18-இல் மாலுமிகளின் எழுச்சி தொடங்கியதும் அங்கேதான். 'டெரர்' என்ற போர்க்கப்பலில் இரண்டாண்டு போரிட்டார் என்று குடும்பத்தில் கதை வளர்ந்திருந்தால், அவர் அந்த இரண்டாண்டும் கரையில் இருந்திருக்கலாம்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-இல் நடத்தையும் திறமையும் மதிப்பிடப்பட்டிருக்கும். தாளின் ஒரு மூலை வெட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்: கெட்ட நடத்தைக்காகவோ அவமானத்துடனோ வெளியேற்றப்பட்டவரின் சான்றிதழில் குறிப்பிட்ட மூலையை வெட்டிவிடுவார்கள். எலி கடித்த மூலைக்கும் கத்தரித்த மூலைக்கும் வேறுபாடு தெரியும். தெரிந்தாலும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இருபது வயதுப் பையன்கள் கடுமையான ஒழுங்குமுறைக்குள் வாழ்ந்த காலம் அது.

பதக்கமும் இல்லை, தாளும் இல்லை. சீருடையில் ஒரு புகைப்படம் மட்டும் இருக்கிறது.

பெரிதாக்கிப் பாருங்கள். இடது கையின் மேற்பகுதியில் தலைகீழ்க் கூம்பு வடிவப் பட்டைகள் இருந்தால் அவை நன்னடத்தைப் பட்டைகள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் முதலாவது 3 ஆண்டுக்கு, இரண்டாவது 8 ஆண்டுக்கு, மூன்றாவது 13 ஆண்டுக்கு. அதற்கு மேல் கிடையாது. அந்தப் பட்டைகளுக்கு மேல் ஒற்றை நங்கூரம் இருந்தால் லீடிங் சீமேன், அதாவது மூத்த மாலுமி. குறுக்கிட்ட இரு நங்கூரங்களும் முடியும் இருந்தால் அதற்கு அடுத்த பதவியான பெட்டி ஆபீசர். வலது கையில் இருப்பது தொழிலைச் சொல்லும் சின்னம்: பீரங்கி, டார்பிடோ, தந்திக்குச் சிறகும் மின்னலும், இயந்திர அறைக்குக் கப்பலின் உந்துவிசிறி.

தொப்பியைச் சுற்றிய நாடாவில் கப்பலின் பெயர் இருந்தால் படம் பெரும்பாலும் அமைதிக்காலத்தது. போர்க்காலத்தில் எதிரிக்குத் தகவல் போகக்கூடாது என்று பெயரை நீக்கிவிட்டார்கள். பிரிட்டிஷ் மாலுமிக்கு எச்.எம்.எஸ்., இந்திய மாலுமிக்கு எச்.எம்.ஐ.எஸ். என்ற எழுத்துகள் மட்டும் இருந்தன. அந்த ஓர் 'ஐ' எழுத்து எந்த நாட்டு ஆவணக்காப்பகத்தின் கதவைத் தட்ட வேண்டும் என்று சொல்லிவிடும். படத்தின் பின்புறத்தையும் பாருங்கள். ஸ்டுடியோவின் முத்திரை இருந்தால் ஊர் தெரியும்.

ஆவணங்களை எங்கே கேட்பது?

அவர் எந்தக் கொடியின் கீழ் பணியாற்றினார் என்பதைப் பொறுத்தது. பிரிட்டிஷ் கடற்படை என்றால் பிரிட்டன். அங்கே பாதுகாப்பு அமைச்சிடம் இருந்த பழைய சேவை ஆவணங்கள் படிப்படியாக லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்துக்கு மாற்றப்பட்டு வருகின்றன. இந்தியக் கடற்படை என்றால் மும்பை மான்குர்த் பகுதியில் உள்ள மாலுமிகள் ஆவண அலுவலகம். சிங்கப்பூர்க் குடியரசுக் கடற்படை என்றால் தற்காப்பு அமைச்சு. எங்கே கேட்டாலும் இறப்புச் சான்றிதழ், உங்கள் உறவுக்கான சான்று, பணி எண் ஆகிய மூன்றையும் முதல் கடிதத்திலேயே இணையுங்கள். மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பதக்கங்களை வாங்கவே இல்லை. இப்போது பெற முடியுமா?

பிரிட்டிஷ் கடற்படையில் இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்கள் தாமாக வீடு தேடி வரவில்லை. மாலுமியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பலர் விண்ணப்பிக்கவில்லை. ஊர் திரும்பி வேலை தேடிய மனிதருக்குப் பதக்கம் கவலையாக இருந்திருக்காது. பிரிட்டனின் பதக்க அலுவலகம், உரிய நெருங்கிய உறவினர் கேட்டால், கோரப்படாத பதக்கங்களை ஆவணத்தைச் சரிபார்த்து வழங்குகிறது. முன்பே வழங்கப்பட்டுத் தொலைந்துபோனவை வேறு. அவற்றுக்குப் பதிலாக வணிகர்களிடம் மாதிரிகள் கிடைக்கும். மாதிரி என்று தெளிவாக எழுதி வையுங்கள், பேரப்பிள்ளைகள் குழம்பக்கூடாது.

மாமா 1950-களில் உட்லண்ட்ஸில் கடற்படையில் இருந்தார் என்கிறார்கள். அங்கே என்ன இருந்தது?

மலாயாவின் கடற்படை அங்கேதான் இருந்தது. 1948-இல் மலாயா கடற்படை மீண்டும் உருவாக்கப்பட்டது. 1952-இல் அதற்கு 'ராயல்' பட்டம் கிடைத்தது. சிங்கப்பூர் தனிநாடான பிறகும் உட்லண்ட்ஸ் முகாம் பல ஆண்டு மலேசியக் கடற்படையிடமே இருந்தது. அந்தக் காலத்து மாலுமியிடம் வெள்ளையும் கருஞ்சிவப்புமான ரிப்பனில் 'மலாயா' என்ற பட்டையுடன் கடற்படைப் பொதுச் சேவைப் பதக்கம் இருக்கலாம். கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காலத்தில் கரையோர ரோந்து சென்றவர்களுக்கு உரியது. பிரிட்டிஷ் கடற்படையில் இருந்து இந்தோனேசிய மோதல் காலத்தில் பணியாற்றியவராக இருந்தால், ஊதா ரிப்பனும் பச்சை ஓரமும் கொண்ட 1962-ஆம் ஆண்டுப் பொதுச் சேவைப் பதக்கம். அதன் 'போர்னியோ' பட்டை 1962 டிசம்பர் 24-இலும் 'மலாய் தீபகற்பம்' பட்டை 1964 ஆகஸ்ட் 17-இலும் தொடங்குகின்றன. இரண்டும் 1966 ஆகஸ்ட் 11-இல் முடிகின்றன.

அப்பா சிங்கப்பூர்க் கடற்படையில் இருந்தவர். போரே நடக்கவில்லையே, பிறகு எதற்குப் பதக்கங்கள்?

இந்தக் கேள்வியைப் பிள்ளைகளே கேட்கிறார்கள். கேட்கும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

1967 மே 5-இல் சிங்கப்புரா என்ற கப்பலில் கடற்படைக் கொடி ஏற்றப்பட்டது. அதுவே கடற்படை நாளாகக் கொண்டாடப்படுகிறது. அப்போது இருந்தவை சிங்கப்புரா, பங்லிமா, பெடோக் என்ற மூன்று கப்பல்கள். அங்கிருந்து 1974-இல் புலாவ் பிரானி தளம், 1994-இல் துவாஸ், 2004-இல் சாங்கி என்று வளர்ந்த ஒரு படையை இரவும் பகலும் நடத்தியவர்கள் இந்த அப்பாக்கள். சிங்கப்பூர் நீரிணையில் ரோந்து என்பது உலகின் மிக நெரிசலான கடல்வழிகளில் ஒன்றில் இருட்டில் போவது. 2003 ஜனவரி 3-இல் கரேஜியஸ் ரோந்துக் கப்பல் ஒரு சரக்குக் கப்பலோடு மோதியதில் பெண் மாலுமிகள் நால்வர் உயிரிழந்தார்கள். போர் நடக்கவில்லை என்பதால் கடல் யாரையும் விட்டுவைப்பதில்லை.

பதக்கங்களுக்கு வருவோம். நிரந்தரப் படைவீரருக்கு ஐந்தாண்டு நற்பணிக்கு ஆயுதப் படை நற்சேவைப் பதக்கம். பத்தாண்டு, இருபதாண்டு கடந்தால் நீண்டகாலச் சேவை நன்னடத்தைப் பதக்கங்கள். வெளிநாட்டு நடவடிக்கைகளுக்கு வெளிநாட்டுச் சேவைப் பதக்கம்: 2009 முதல் ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையர் தடுப்புப் பணிக்குப் போனவர்கள் பலரிடம் இது இருக்கிறது. தேசிய தின விருதுகளில் இராணுவப் பிரிவில் வழங்கப்படும் செயல்திறன் பதக்கமும் பாராட்டுப் பதக்கமும் தனி. அவை தேர்ந்தெடுத்துக் கொடுக்கப்படுபவை, ஆண்டுக்கணக்கில் தாமாக வருபவை அல்ல.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு சுமத்ராவின் மெலாபோவுக்குத் தரையிறங்கு கப்பல்கள் சென்றன. துறைமுகமும் சாலையும் அழிந்துபோன ஊர் அது. உணவும் மருந்தும் இயந்திரங்களும் கடல்வழியே கரையேற்றப்பட்டன. அந்தப் பணியில் அப்பா இருந்தாரா என்று கேளுங்கள். இருந்தவர்களில் பலர் அதைத் தாமாகப் பேசுவதில்லை.

பதவிப் பெயர்களிலும் குழப்பம் வரும். சிங்கப்பூர்க் கடற்படையில் பழைய பிரிட்டிஷ் 'பெட்டி ஆபீசர்' வழக்கு இல்லை. தரைப்படை போலவே கார்ப்பரல், சார்ஜெண்ட், வாரண்ட் ஆபீசர். 2010-க்குப் பிறகு தொழில்நுட்பப் பணியாளர்களுக்கு 'இராணுவ நிபுணர்' என்ற தனி வரிசை வந்தது. ஆட்குறைப்பும் நடந்தது: இன்றைய கரையோரப் போர்க்கப்பல் ஒன்றின் அடிப்படைக் குழுவே 23 பேர்தான். அந்த 23 பேரில் ஒருவர் எத்தனை வேலை செய்திருப்பார் என்பதைப் பதக்கம் காட்டாது. பயிற்சிச் சான்றிதழ்கள் காட்டும். அவற்றையும் சேர்த்து வையுங்கள்.

தாத்தா சரக்குக் கப்பலில் இருந்தார், போர்க்கப்பலில் அல்ல. அவருக்கு எதுவும் கிடையாதா?

உண்டு. போர்க்காலத்தில் வணிகக் கப்பல்களில் பணியாற்றியவர்களுக்கும் 1939–45 ஸ்டார், அட்லாண்டிக் ஸ்டார், போர்ப் பதக்கம் போன்றவை பொருந்தும். அவருடைய சிடிசி புத்தகம், அதாவது மாலுமியின் பணிப்பதிவுப் புத்தகம், கிடைத்தால் கப்பல், ஏறிய தேதி, இறங்கிய தேதி எல்லாம் அதில் இருக்கும்.

கடலில் இறந்த ஒருவரின் பெயர் கிராஞ்சியில் இல்லை. ஏன்?

கிராஞ்சியில் உள்ள சிங்கப்பூர் நினைவுச் சின்னத்தில், கல்லறை அறியப்படாத 24,000-க்கும் மேற்பட்ட தரைப்படை, விமானப்படையினரின் பெயர்கள் இருக்கின்றன. பிரிட்டிஷ் கடற்படையினருக்கு போர்ட்ஸ்மத், பிளிமத், சாத்தம் ஆகிய ஊர்களில் நினைவுச் சின்னங்கள். பிரிக்கப்படாத இந்தியாவின் கடற்படையினர் சுமார் 400 பேர், வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறத்தாழ 6,000 பேர் ஆகியோரின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் ஒரே மாதிரியான நினைவேடுகளில் எழுதப்பட்டுள்ளன. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பட்டியலில் வீட்டிலிருந்தே தேடலாம். பெயரின் எல்லா எழுத்துக்கோவைகளையும் முயன்று பாருங்கள்.

நினைவு நாளில் நான் அவற்றை அணியலாமா?

பிரிட்டிஷ் மரபில், பெற்றவர் இடப்பக்க மார்பில் அணிவார். மறைந்தவரின் நெருங்கிய உறவினர் வலப்பக்கம் அணிவார். நவம்பரில் கிராஞ்சியில் நடக்கும் நினைவு நிகழ்ச்சிக்கு அப்படி அணிந்து செல்லலாம். சொந்தச் சேவைப் பதக்கம் போல இடப்பக்கம் அணியாதீர்கள்.

பச்சை படிந்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். புளி, எலுமிச்சை, பித்தளை மெருகு எல்லாமே மேற்பரப்பைத் தின்றுவிடும். விளிம்பில் பொறித்த எண் மங்கும். மென்மையான உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். நம் ஊர் ஈரப்பதம்தான் முதல் எதிரி: இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள் உலோகத்தையும் ரிப்பனையும் கெடுக்கும். பழைய ரிப்பன் நைந்துபோயிருந்தாலும் எறியாதீர்கள். உரிமையாளரின் வியர்வை பட்ட துணி அது. சான்றிதழுக்கு லேமினேஷன் செய்யாதீர்கள், அமிலமற்ற தாள் உறையில் தட்டையாக வையுங்கள்.

விற்றால் என்ன கிடைக்கும்?

பெயர் இல்லாத நட்சத்திரங்கள் லட்சக்கணக்கில் வழங்கப்பட்டவை. பெரிய தொகை எதிர்பார்க்க வேண்டாம். பெயர் பொறித்த பதக்கமும் ஆவணமும் ஒன்றாக இருந்தால்தான் சேகரிப்பாளர்கள் மதிப்பார்கள். அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு பதக்கம் என்று பிரித்துக்கொள்வதையும் பார்க்கிறோம். நல்லெண்ணம்தான், ஆனால் ஒரு தலைமுறைக்குள் எது யாருடையது என்று தெரியாமல் போய்விடும். ஒருவர் பாதுகாக்கட்டும்; மற்றவர்கள் நல்ல புகைப்படமும் சான்றிதழின் நகலும் வைத்துக்கொள்ளட்டும்.

அப்பா இன்னும் இருக்கிறார், ஆனால் பேசமாட்டார். எப்படிக் கேட்பது?

"கடற்படையில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் "வேலை செய்தேன்" என்பார். சிறியதாகக் கேளுங்கள். முதல் கப்பலின் பெயர் என்ன? எங்கே படுத்தீர்கள்? காவல் முறை எத்தனை மணிக்கு? சாப்பாடு யார் சமைத்தார், சோறு கிடைத்ததா? கப்பலில் வேறு தமிழர்கள் இருந்தார்களா? தீபாவளிக்கு எங்கே இருந்தீர்கள்? பதக்கங்களை எடுத்து மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றும் எந்த ஆண்டு என்று அவரையே வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். கை வேலை செய்யும்போது வாயும் திறக்கும். அவர் சம்மதித்தால் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தேதியையும் பேசியவர் பெயரையும் பதிவின் தொடக்கத்தில் சொல்லுங்கள். சிங்கப்பூர் தேசிய ஆவணக்காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் இத்தகைய நேர்காணல்களைச் சேகரித்து வருகிறது. பிற மாலுமிகளும் தொழிலாளர்களும் எப்படிப் பேசியிருக்கிறார்கள் என்று அங்கே கேட்டுவிட்டு உட்கார்ந்தால், உங்களுக்கும் கேள்விகள் நிறையத் தோன்றும்.